அணு உலைகளின் கதை – 17: எஃகுக்குள் முளைத்த குழிகள்

சென்ற அத்தியாயத்தில் விண்ட்ஸ்கேல் உலையின் கிராஃபைட்டைப் பார்த்தோம். நியூட்ரான்கள் மோதி இடம்பெயர்ந்த கார்பன் அணுக்கள் தமக்குள் ஆற்றலைத் தேக்கிவைத்தன. அதை வெளியேற்ற உலையைச் சூடாக்கிய வேலை 1957 அக்டோபரில் தீயில் முடிந்தது. கதிர்வீச்சு ஒரு திடப்பொருளின் உள்கட்டுமானத்தையே குலைத்துவிடும் என்பதற்கு அது பெரிய சாட்சி.

இந்த அத்தியாயத்தில் அதைவிட மிகச் சிறிய, அதைவிட மிகக் கடுமையான ஓர் இடத்துக்குள் போகிறோம். அரை சென்டிமீட்டர் விட்டமுள்ள எரிபொருள் தண்டின் உள்ளே. அணு உலையின் வேலை முழுவதும் நடப்பது அங்கேதான். வேக நியூட்ரான்களால் இயங்கும் வேக உலை ஒன்றிலிருந்து எவ்வளவு ஆற்றல் எடுக்கலாம், எரிபொருளை எத்தனை காலம் உள்ளே வைத்திருக்கலாம் என்பதை முடிவு செய்வதும் அந்தத் தண்டுதான்; அதிலும் குறிப்பாக, அதன் மேலுள்ள மெல்லிய எஃகு உறை. இந்த உண்மையைக் கண்டறிய உலகத்துக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதைக் கையாளக் கற்றுக்கொண்ட கதையில் கல்பாக்கத்துக்குத் தனி இடம் உண்டு.

ஒரு தண்டுக்குள் நடப்பவை

ஒரு யுரேனிய அணுவோ புளுட்டோனிய அணுவோ பிளக்கும்போது இரண்டு துண்டுகள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. பிளவில் பிறக்கும் ஆற்றலின் பெரும்பகுதி அவற்றின் வேகத்தில் இருக்கிறது. ஆனால் அவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரம்கூடப் போவதில்லை. வழியிலுள்ள அணுக்களை இடித்துத் தள்ளி, ஆற்றலையெல்லாம் வெப்பமாகக் கொட்டிவிட்டு, எரிபொருளுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

ஆக, வெப்பம் பிறப்பது தண்டுக்குள் அடுக்கிய எரிபொருள் வில்லையின் உடலெங்கும். வெளியேறுவதோ அதன் மேற்பரப்பு வழியாக மட்டும். ஆக்சைடு எரிபொருள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் வேக உலையில் ஆக்சைடு வில்லையின் நடுப்பகுதி 2000 டிகிரி செல்சியஸை நெருங்கும். அங்கிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் விளிம்பு அதில் பாதி வெப்பநிலையைக்கூடத் தொடாது. நடுப்பகுதி விரியத் துடிக்கும்; விளிம்பு இடம் கொடாது. முதல்முறை உலை முழுத் திறனுக்கு ஏறும்போதே வில்லை விரிசல் விட்டுவிடுகிறது. இது விபத்தில்லை. ஒவ்வொரு உலையிலும், ஒவ்வொரு நாளும் நடப்பது. வடிவமைப்பாளர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வது.

அடுத்தது வீக்கம். ஓர் அணு இருந்த இடத்தில் இப்போது இரண்டு அணுக்கள். நூறு அணுக்கள் பிளந்தால் அவற்றிலிருந்து ஏறத்தாழ 25 அணுக்கள் செனான், கிரிப்டான் என்னும் வாயுக்களாகப் பிறக்கின்றன. இவை எதனோடும் சேராத வாயுக்கள். எரிபொருளில் கரைய மாட்டா. ஒரு பகுதி எரிபொருளுக்குள் குமிழாகத் திரண்டு அதை ஊதவைக்கும். இன்னொரு பகுதி வெளியேறி, தண்டின் காலிப் பகுதியில் சேர்ந்து உள்ளழுத்தத்தை ஏற்றும்.

இத்தனையையும் தாங்கி நிற்பது உறைக்குழாய். உள்ளேயிருந்து வாயு தள்ளுகிறது. வீங்கும் வில்லை நெருக்குகிறது. பிளவுப் பொருட்கள் உட்சுவரை அரிக்கின்றன. வெளியே சூடான குளிர்விப்பான் ஓடுகிறது. குறுக்கும் நெடுக்குமாக நியூட்ரான்கள் துளைத்துச் செல்கின்றன. கல்பாக்கத்தின் சோதனை உலையில் இந்த உறையின் தடிமன் 0.37 மில்லிமீட்டர். கதிரியக்கத்துக்கும் நமக்கும் நடுவே நிற்கும் முதல் சுவர் அது.

இடாஹோவில் வளைந்த தண்டுகள்

வெப்பம் கொடுத்த பாடம் முதலில் வந்தது. அமெரிக்காவின் இடாஹோ பாலைநிலத்தில் இருந்த ஈ.பி.ஆர்-1 உலையை இந்தத் தொடரில் முன்பே சந்தித்திருக்கிறோம். 1951 டிசம்பர் 20 அன்று அணுவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் நான்கு விளக்குகளை எரியவிட்ட அதே உலை.

1955 நவம்பர் 29 அன்று அங்கே ஒரு சோதனை. குளிர்விப்பானின் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, உலை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதே நோக்கம். அந்த உலையில் வெப்பநிலை ஏறும்போது திறன் சில வேளை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. அது ஏன் என்று அறிய வேண்டியிருந்தது.

காரணம் தண்டுகளின் வடிவத்தில் இருந்தது. உலையின் மையத்தை நோக்கிய பக்கத்தில் பிளவுகள் அதிகம். அந்தப் பக்கம் அதிகம் சூடாகி அதிகம் நீண்டது. மறுபக்கம் அந்த அளவுக்கு நீளவில்லை. எனவே மெல்லிய தண்டுகள் மையத்தை நோக்கி வளைந்தன. எரிபொருள் ஒன்றையொன்று நெருங்க நெருங்கத் தொடர்வினை வலுத்தது. அன்று உலையை உடனே நிறுத்துவதற்குப் பதிலாக மெதுவாக நிறுத்தும் பொத்தான் அழுத்தப்பட்டது. சில நொடிகள் கைநழுவின. அதற்குள் உள்ளகத்தின் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது. யாருக்கும் காயமில்லை.

அடுத்து வந்த உள்ளகத்தில் தண்டுகள் வளைய முடியாதபடி இறுக்கிப் பிடிக்கப்பட்டன. உலை அடங்கியது. வேக உலை என்பதே இயல்பில் அடங்காதது என்ற அச்சம் நீங்கியது. ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த வளைவு ஓர் உலையின் தலைவிதியை மாற்றலாம் என்ற பாடம் மட்டும் நின்றது. இதே வளைவு பத்தாண்டுகளுக்குப் பின் வேறொரு காரணத்தால் திரும்பி வரும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

டவுன்ரே, 1967

ஸ்காட்லாந்தின் வடகோடிக் கடற்கரையில் இருக்கிறது டவுன்ரே. பெரிய எஃகுக் கோளத்துக்குள் அமைந்த அதன் வேக உலை 1959 நவம்பரில் இயங்கத் தொடங்கியது. புதிய எரிபொருட்களையும் புதிய உலோகங்களையும் கடும் நியூட்ரான் மழையில் நனைத்துப் பார்க்க ஐரோப்பாவுக்குக் கிடைத்த சிறந்த களங்களில் ஒன்று.

அங்கே கதிர்வீச்சுக்கு ஆளான எரிபொருள் தண்டுகளின் துருப்பிடிக்காத எஃகு உறையை மெல்லிய படலமாக்கி, காத்தோர்ன், ஃபுல்டன் என்னும் இரு ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். எஃகுக்குள் நுண்ணிய குழிகள் பரவிக் கிடந்தன. வாயு நிறைந்த குமிழ்களாக இருக்கலாம் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் விளக்கம். ஆனால் எஃகில் உருவான ஹீலியத்தைக் கணக்கிட்டால் அத்தனை குழிகளை நிரப்ப அது கொஞ்சமும் போதாது. அவை பெரும்பாலும் வெறுமையான குழிகள். 1967-இல் 'நேச்சர்' இதழில் இருவரும் எழுதிய சிறு கட்டுரை உலகின் எல்லா வேக உலைத் திட்டங்களையும் நின்று யோசிக்க வைத்தது.

ஏனென்றால் அதுவரை வடிவமைப்பாளர்கள் கவலைப்பட்டது எரிபொருளின் வீக்கத்தைப் பற்றி. உறையும், தண்டுக் கட்டைச் சுற்றியுள்ள அறுகோண வெளிக்கூடும் வலுவிழக்கலாம், நொறுங்கும் தன்மை பெறலாம் என்று எதிர்பார்த்தார்கள். எஃகே ஊதிப் பருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. அணுக்கள் கூடவில்லை, எடை கூடவில்லை; பருமன் மட்டும் கூடுகிறது. இரவில் கரைத்துவைத்த இட்லி மாவு எடை ஏறாமலே காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தொடுவதுபோல.

குழி ஏன் பிறக்கிறது?

வேக நியூட்ரான் ஓர் இரும்பணுவை மோதி அதன் இடத்திலிருந்து தள்ளுகிறது. தள்ளப்பட்ட அணு பக்கத்து அணுக்களை இடிக்கிறது. அவை இன்னும் சிலவற்றை. ஒவ்வொரு மோதலும் இரண்டு குறைகளை விட்டுச் செல்கிறது: அணு இல்லாத ஒரு காலியிடம், அணிவரிசைக்கு நடுவே திணிக்கப்பட்ட ஒரு கூடுதல் அணு. பெரும்பாலானவை நொடிப்பொழுதில் ஒன்றையொன்று சந்தித்துச் சரியாகிவிடும். எஃகு கதிர்வீச்சைத் தாங்குவதே இந்தத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் குணத்தால்தான்.

ஆனால் கணக்கு முழுதாகத் தீர்வதில்லை. படிகத்தின் அணிவரிசை பிறழ்ந்த கோடுகள் எஃகெங்கும் ஓடுகின்றன. அவை கூடுதல் அணுக்களைச் சற்று அதிகமாக ஈர்த்து விழுங்குகின்றன. அதே அளவு காலியிடங்கள் துணையின்றி மிஞ்சுகின்றன. அவை அலைந்து ஒன்றுகூடினால் குழி. நியூட்ரான் மோதலில் நிக்கல் போன்ற அணுக்களிலிருந்து பிறக்கும் சிறிதளவு ஹீலியம் அந்தக் குழி குலையாமல் இருக்க உதவுகிறது.

இதற்கு வெப்பமும் ஒத்துழைக்க வேண்டும். குளிர்ந்த எஃகில் காலியிடங்கள் நகரவே முடியாது. மிகச் சூடான எஃகில் சேர்ந்த வேகத்திலேயே குழி கரைந்துவிடும். ஏறத்தாழ 400 முதல் 600 டிகிரி வரைதான் குழிகளுக்கு உகந்த வெப்பநிலை. சோடியத்தால் குளிரூட்டப்படும் வேக உலையின் எஃகு வாழ்வதும் இதே வெப்பநிலையில்தான். வெப்பம் தனியாக வந்திருந்தால் எஃகு தாங்கியிருக்கும். கதிர்வீச்சு தனியாக வந்திருந்தாலும் ஓரளவு தாங்கியிருக்கும். இரண்டும் கைகோத்தபோதுதான் அது தோற்றது.

இடாஹோவின் வளைவு இங்கே திரும்பி வந்தது. உலையின் மையத்தை நோக்கிய பக்கத்தில் நியூட்ரான் அடர்த்தி அதிகம். அந்தப் பக்கத்து எஃகு அதிகம் வீங்கும். அறுகோணக் கூடு வளையும். பக்கத்துக் கூட்டோடு உரசும். எரிபொருளை மாற்ற அதை வெளியே இழுப்பதே கடினமாகிவிடும். வெப்பத்தால் வந்த வளைவு உலை ஆறியதும் போய்விடும். இது போகாது.

மருந்தும் எஃகுக்குள்ளேயே தேடப்பட்டது. குழாயைக் குளிர்ந்த நிலையில் இழுத்து உருமாற்றினால் அணிவரிசைப் பிறழ்வுகள் பெருகும்; இரண்டு வகைக் குறைகளுக்கும் போய்ச்சேர இடம் கிடைக்கும்; வீக்கம் தள்ளிப்போகும். டைட்டானியம் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். தள்ளிப்போகுமே தவிர நிற்காது. ஆகவே எந்த உலையிலும் கேள்வி ஒன்றுதான்: இந்த எஃகு இன்னும் எத்தனை காலம் தாங்கும்?

கல்பாக்கத்தின் கட்டாயம்

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கல்பாக்கம் கடற்கரையில் 1971-இல் உலை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 1985 டிசம்பரில் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்ற பெயர் பெற்றது. அங்கே கட்டத் திட்டமிட்ட வேக ஈனுலைச் சோதனை உலை (ஈனுலை என்பது எரியும்போதே புதிய எரிபொருளையும் ஈனும் உலை) பிரான்சின் கதராஷில் இருந்த ராப்சொடி உலையை மாதிரியாகக் கொண்டது. நீராவிக் கலன்களும் சுழலியும் இங்கே கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. எரிபொருளும் ராப்சொடியைப் போலவே யுரேனிய, புளுட்டோனிய ஆக்சைடுக் கலவையாக இருக்க வேண்டும். அதற்குச் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும்.

1974-இல் பொக்ரான் அணுவெடிப்புச் சோதனை நடந்தது. செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்து வரும் வழி அடைபட்டது. கையில் இருந்தது புளுட்டோனியமும் இயற்கை யுரேனியமும். இவ்வளவு சிறிய உலை இயங்க வேண்டுமானால் எரிபொருளில் புளுட்டோனியத்தின் பங்கு மிக அதிகமாக வேண்டும். அந்த அளவு புளுட்டோனியம் உள்ள ஆக்சைடு சோடியத்தோடு ஒத்துப்போகாது. எனவே கார்பைடு: 70 பங்கு புளுட்டோனிய கார்பைடு, 30 பங்கு யுரேனிய கார்பைடு. உலகில் எந்த உலையும் இந்தக் கலவையை முதன்மை எரிபொருளாக வைத்து ஓடியதில்லை. பார்த்து எழுத முன்மாதிரி கிடையாது.

கார்பைடு வெப்பத்தை ஆக்சைடைவிடப் பன்மடங்கு நன்றாகக் கடத்தும். வில்லையின் நடுப்பகுதி அவ்வளவு சூடாகாது. ஆனால் அந்த நன்மையே வேறு பக்கம் விலை கேட்டது. குளிர்ந்திருக்கும் எரிபொருளிலிருந்து வாயு எளிதில் வெளியேறாது. உள்ளேயே தங்கி அதை வீங்கவைக்கும். இளகாத எரிபொருள் வீங்கினால் உறையை நேராக நெருக்கும். கூடுதல் கார்பன் இருந்தால் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். தயாரிப்பதும் ஆபத்தான வேலை. கார்பைடுத் தூள் காற்றுபட்டால் தீப்பற்றும்; ஈரம்பட்டால் சிதையும். மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், வினைபுரியாத வாயு நிரப்பிய கையுறைப் பெட்டிகளுக்குள் இந்த வில்லைகளை உருவாக்கினார்கள்.

1985 அக்டோபர் 18 அன்று அந்த எரிபொருளோடு உலை தொடர்வினை நிலையை எட்டியது. ஓர் எரிபொருள் கட்டில் 61 தண்டுகள். ஒவ்வொன்றும் 5.1 மில்லிமீட்டர் விட்டம். அதில் எரிபொருள் நிற்கும் உயரம் 32 சென்டிமீட்டர். உறை, குளிர்நிலையில் வலுவேற்றிய 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு.

எஃகிடமே கேட்ட கேள்வி

முன்மாதிரி இல்லாதவர்கள் என்ன செய்வது? கல்பாக்கத்தார் எடுத்த முடிவு எளிமையானது, பொறுமை மிகுந்தது. தொடக்கத்தில் தண்டின் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு 250 வாட் வெப்பத்துக்கு மேல் எடுப்பதில்லை. எரிப்பளவு, அதாவது எரிபொருளிலிருந்து எடுக்கும் மொத்த ஆற்றல், ஒரு டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாளைத் தாண்டுவதில்லை. அந்த எல்லையை அடைந்ததும் ஒரு கட்டை வெளியே எடுத்து, அறுத்துப் பார்த்து, அது சொல்வதைக் கேட்டபின்தான் அடுத்த அடி.

அந்தக் கட்டு போகும் இடம் கதிரியக்க உலோகவியல் ஆய்வகத்தின் 'ஹாட் செல்'. மீட்டர் கணக்கில் தடித்த கான்கிரீட் சுவர், ஈயக் கண்ணாடிச் சாளரம், உள்ளே வினைபுரியாத வாயு. வெளியே நிற்பவரின் கையசைவை உள்ளே இருக்கும் இயந்திரக் கை திருப்பிச் செய்கிறது. அங்கே தண்டின் நீளமும் விட்டமும் நுட்பமாக அளக்கப்படுகின்றன. காமாக் கதிர்களின் வரைபடம் பிளவுப் பொருட்கள் எங்கே சேர்ந்திருக்கின்றன என்று காட்டுகிறது. உறையைத் துளைத்து வாயுவின் அளவு கண்டறியப்படுகிறது. கடைசியில் தண்டை வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைக்கிறார்கள்.

இந்த வேலைக்கென்றே ஹாட் செல்களுக்குக் கீழே காமினி என்னும் 30 கிலோவாட் சிற்றுலை கட்டப்பட்டது. தோரியத்திலிருந்து பிறக்கும் யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்ட அது 1996 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. கதிரியக்கம் வீசும் தண்டை எக்ஸ் கதிரில் படமெடுத்தால் தெளிவு கிடைக்காது. காமினியின் நியூட்ரான் கற்றையில் எடுத்தால் எஃகுக்குள் இருக்கும் வில்லைகளின் நிலை துலங்கும். ஓர் உலையின் எரிபொருளைப் பரிசோதிக்க இன்னோர் உலை!

வில்லைகள் தம் வரலாற்றைத் தம் விரிசல்களில் எழுதிவைத்திருந்தன. குறைந்த எரிப்பளவில் எரிபொருளுக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி இருந்தது. விரிசல்கள் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடின. எரிப்பளவு ஏற ஏற இடைவெளி மூடியது. விரிசல்கள் வளையமாகச் சுற்றத் தொடங்கின. வில்லை உறையைத் தொட்டுவிட்டது, இனி நெருக்கும் என்பதன் அடையாளம் அது. எஃகும் தன் பங்குக்குப் பேசியது. குழிகளால் உறையும் அறுகோணக் கூடும் பருத்தன. இழுத்தால் நீளும் குணம் குறைந்தது.

ஒவ்வொரு சோதனையும் எல்லையைத் தள்ளியது. 25,000 என்பது 50,000 ஆயிற்று, 2002-இல் 1,00,000 தொட்டது, பிறகு 1,55,000. ஒரு கட்டு 1,65,000 மெகாவாட்-நாள் வரை போனது. வெப்பம் சென்டிமீட்டருக்கு 250 வாட்டிலிருந்து 320-க்கும், அங்கிருந்து 400-க்கும் ஏறியது. உலை தன் முழு வடிவமைப்புத் திறனான 40 மெகாவாட்டை 2022 மார்ச்சில் எட்டியது. இதற்கு இத்தனை ஆண்டுகளா என்று கேட்பவர்கள் உண்டு. எரிபொருள் உடைந்தபின் கற்பதைவிட உடையுமுன் கற்பது மெதுவான வழி. நேர்மையான வழியும் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கல்பாக்கம் மையத்தின் இயக்குநர்களாக இருந்த பிளாசிட் ராட்ரிக்ஸ், பல்தேவ் ராஜ் இருவரும் உலோகவியலாளர்கள் என்பது இங்கே கவனிக்க வேண்டிய செய்தி. வேக உலையின் எல்லை எஃகில் இருக்கிறது என்பதை உணர்ந்த நிறுவனம் உலோகத்தைப் படித்தவர்களின் குரலுக்குச் செவிகொடுத்தது.

பக்கத்திலேயே எழுந்த 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலை இந்த அனுபவத்தின் மேல் நிற்கிறது. அதன் எரிபொருள் ஆக்சைடு; உறை, டைட்டானியம் சேர்த்த டி-9 எஃகு. அதற்கான மாதிரித் தண்டுகள் முதலில் சோதனை உலைக்குள் வைக்கப்பட்டு, டன்னுக்கு 1,12,000 மெகாவாட்-நாள் வரை எரிக்கப்பட்டன. பெரிய உலையில் எதிர்பார்க்கப்படும் 1,00,000-ஐ அவை தாண்டின.

மிஞ்சும் கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டன்னுக்கு 1,00,000 மெகாவாட்-நாள் என்றால் எரிபொருளின் கனஅணுக்களில் (யுரேனியம், புளுட்டோனியம்) ஏறக்குறைய பத்தில் ஒன்று பிளந்திருக்கிறது. 1,65,000 என்றாலும் ஐந்தில் ஒரு பங்கை எட்டவில்லை. எரிபொருளில் இன்னும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிளக்காமல் மிச்சம் இருக்கும்போதே அதை உலையிலிருந்து எடுத்துவிடுகிறோம். எரிபொருள் தீர்ந்ததால் எடுப்பதில்லை. உறை களைத்துவிட்டதால் எடுக்கிறோம்.

டவுன்ரேயின் நுண்ணோக்கியில் தெரிந்த குழிகள் ஈனுலையின் பொருளாதாரத்தையே மாற்றி எழுதியது இப்படித்தான். எரிபொருள் ஒரே மூச்சில் முழுதாக எரியும்வரை தாங்கும் எஃகு இன்றுவரை இல்லை. ஆகவே அதை வெளியே எடுத்து, கரைத்து, பிளவுப் பொருட்களைப் பிரித்து, மிஞ்சிய புளுட்டோனியத்தையும் யுரேனியத்தையும் புதிய உறைக்குள் மீண்டும் அடைக்க வேண்டும். இந்த மறுசுழற்சி ஓடவில்லையென்றால் ஈனுலை என்ற எண்ணமே பொருளற்றது. வீக்கம் குறைந்த ஒவ்வொரு எஃகும் இந்தச் சுற்றின் எண்ணிக்கையைக் குறைக்கும்; ஆபத்தையும் செலவையும் குறைக்கும். உறைக்கான எஃகு ஆய்வை உலை கட்டும் வேலைக்கு இணையாக வைத்துப் போற்ற வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

டன்னுக்கு 1,55,000 மெகாவாட்-நாள் எரிந்த கார்பைடைக் கரைத்துப் பிரித்தெடுக்கும் வேலையையும் கல்பாக்கமே செய்து காட்டியது. ஈயச் சுவர்களுக்குள் நடந்த அந்த வேதியியல் கதை அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)